முதலில் காதில் உட்காரட்டும்

இரண்டாயிரம் ரூபாயிலிருந்து பத்தாயிரம் வரை விலையுள்ள, வயரோடு வரும், காதுக்குள் செருகிக்கொள்ளும் இயர்போன்களைத்தான் இந்த அத்தியாயத்தில் நடுத்தர விலை என்று சொல்கிறேன். இதற்குக் கீழே நல்லவை இல்லை என்று பொருளல்ல. ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே பாட்டுக் கேட்க உகந்தவை இப்போது கிடைக்கின்றன. ஆனால் கழற்றி மாட்டும் கேபிள், ஓரளவு உழைக்கும் கூடு, இடதும் வலதும் ஒத்திருக்கிறதா என்று பார்த்து அனுப்பும் அக்கறை ஆகியவற்றை எதிர்பார்க்கக்கூடிய எல்லை இதுதான். இதற்கு மேலே போனால் விலை ஏறுகிற வேகத்தில் ஒலி ஏறுவதில்லை. ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 2017-ல் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டார். காதுக்குள் செருகுபவையும் அந்தக் கணக்கில் உண்டு. பாஸ் எவ்வளவு, ட்ரெபிள் எவ்வளவு என்று அதிர்வெண் வாரியாக ஒலி வெளிப்படும் விதத்துக்கும் விலைக்கும் தொடர்பில்லை என்பதே அவர் கண்ட முடிவு. ஆகவே விலைச்சீட்டை வைத்துத் தரத்தை ஊகிக்க வழியில்லை. மாட்டித்தான் பார்த்தாக வேண்டும்.

மாட்டிப் பார்ப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பொருத்தம், அடுத்து சொகுசு, கடைசியில்தான் ஒலி. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெட்டியைப் பிரித்ததும் பிடித்த பாட்டைப் போட்டு, இரண்டு நிமிடத்தில் "பாஸ் சுமார்தான்" என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். வரிசையை நான் வலியுறுத்த இரண்டு காரணங்கள். காதில் சரியாக உட்காராத இயர்போனின் ஒலி அந்த இயர்போனின் ஒலியே அல்ல. அதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. இரண்டாவது, ஒலியில் உள்ள குறையை ஈக்வலைசரால் பெருமளவு சரிக்கட்டிவிடலாம். காதுமடலை அழுத்தும் கூட்டைச் சரிக்கட்ட எந்தச் செயலியும் கிடையாது.

அடைப்பு

பெரியவர் ஒருவரின் காதுக்குழாய் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் நீளமும் 7 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. அவ்வளவு சின்ன இடத்தை முழுவதுமாக மூடிவிட்டால், இயர்போனுக்குள் இருக்கும் சவ்வு மயிரிழை அசைந்தாலே உள்ளே காற்றழுத்தம் ஏறி இறங்கும். ஆழமான பாஸ் பிறக்க அதுவே போதும். ரப்பருக்கும் தோலுக்கும் நடுவே சிறிய இடைவெளி விழுந்தால் போதும், நிலைமை மாறிவிடும். மெதுவாக ஏறி இறங்கும் கீழ் அதிர்வெண்களின் அழுத்தம் அந்த வழியே கசிந்துவிடுகிறது. வேகமாக அதிரும் மேல் ஒலிகளோ கசிய நேரமில்லாமல் செவிப்பறையை எட்டிவிடுகின்றன. கேட்பவருக்கு, பாஸ் இல்லாத, மேல் ஒலிகள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும் மலிவான சத்தமாகத் தோன்றும்.

என் சித்தப்பா மிருதங்கம் வாசிப்பவர். புதிதாக வந்த ஒரு இயர்போனை அவரிடம் கொடுத்து, தனி ஆவர்த்தனம் ஒன்றை ஓடவிட்டேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டவர், "வலந்தலை கணீர்னு இருக்குடா. தொப்பி எங்க போச்சு?" என்றார். வலது கையின் சாப்பும் மீட்டும் விரல் நகம் பட்ட இடம் தெரியும்படி தெளிவாக இருந்தன. தொப்பியில், அதாவது இடது முகத்தில், விழும் "தொம்" மட்டும் வெற்று அட்டைப் பெட்டியைத் தட்டியதுபோல் ஒலித்தது. அவர் காதில் இருந்தது பெட்டியோடு மாட்டி வந்த நடு அளவு ரப்பர். அதைக் கழற்றிவிட்டுப் பெரிய அளவை மாட்டி, காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகச் சொன்னேன். தொப்பியின் கும்கி முழு ஆழத்தோடு வந்தது. "ஆங், இப்பதான் ரெண்டு கையும் வாசிக்குது" என்றார். இயர்போனும் பாட்டும் வால்யூமும் அதேதான். மாறியது ரப்பர் மட்டும்.

செருகும் முறையைக் குறித்துக்கொள்ளுங்கள். வலது காதுக்கு இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். அப்போது வளைந்திருக்கும் குழாய் ஓரளவு நேராகும். வலது கையால் இயர்போனை லேசாகத் திருகியபடி உள்ளே விட்டு, மடலை விடுங்கள். ஆழமான பாஸ் உள்ள ஒரு பாட்டையோ 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியையோ ஓடவிட்டு, இயர்போனை விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது பாஸ் கூடினால் அடைப்பு போதவில்லை. கூடாமல் அப்படியே இருந்தால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. பிறகு வாயைத் திறந்து மூடுங்கள், தலையைத் திருப்புங்கள், சிரியுங்கள். தாடை அசையும்போது காதுக்குழாயின் வடிவமும் மாறுகிறது. உட்கார்ந்திருக்கும்போது பிடித்துக்கொண்ட ரப்பர், பேசத் தொடங்கியதும் கசியலாம்.

இரண்டு காதும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வலது காதுக்கு நடு அளவும் இடது காதுக்குப் பெரிய அளவும் தேவைப்படுவது சாதாரண விஷயம். பெட்டியில் வரும் எல்லா அளவையும் இரண்டு காதிலும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். அடைப்பு கிடைக்கும் அளவுகளில் சிறியதே உங்கள் அளவு. அதற்கு மேல் போனால் காதுக்குழாயின் சுவர் அழுந்தி, அரை மணியில் வலி தொடங்கும்.

பெட்டியில் வந்தவை எதுவுமே ஒத்துவராவிட்டால் இயர்போனை ஒதுக்குவதற்கு முன் வேறு ரப்பர் வாங்கிப் பாருங்கள். ஃபைனல், ஸ்பின்ஃபிட், அஸ்லா போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே தனியாகச் செய்து விற்கின்றன. வாங்கும் முன் இயர்போனின் நாசிலை, அதாவது ரப்பர் மாட்டும் குழல் பகுதியை, அளந்துகொள்ள வேண்டும். மெல்லிய நாசிலுக்கு அகலமான ரப்பர் வாங்கினால் அது காதுக்குள்ளேயே கழன்று தங்கிவிடும் ஆபத்து உண்டு. ரப்பரின் வாய் அகலமாக இருந்தால் மேல் ஒலிகள் சற்றுத் தூக்கலாகவும், குறுகலாக இருந்தால் சற்று அடங்கியும் கேட்பது வழக்கம். ஃபோம் டிப்புகளை விரலால் உருட்டிச் சுருக்கிச் செருகினால் உள்ளே விரிந்து அடைத்துக்கொள்ளும். சிலிக்கான் ரப்பர் நிற்காத காதிலும் அவை நிற்கும். ட்ரெபிளைக் கொஞ்சம் தணிக்கவும் செய்யும். ஆனால் வியர்வையையும் அழுக்கையும் உறிஞ்சிக்கொள்வதால் நம் வெயிலில் நீண்ட நாள் உழைக்காது. சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ரப்பர் நாசிலில் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பதும்கூட ஒலியை மாற்றும். சென்ஹைசரின் ஐஇ 200-ல் இதையே ஒரு வசதியாக வைத்திருக்கிறார்கள். ரப்பரை நாசிலில் இரண்டு நிலைகளில் நிறுத்தலாம், நிலைக்கு ஏற்ப பாஸின் அளவு மாறும். அந்தக் குறிப்பைப் படிக்காமல் மாட்டிய இருவர், ஒரே மாடலைப் பற்றி நேர்மாறான இரண்டு கருத்துகளைச் சொல்ல முடியும்.

இந்த அடைப்பு பாஸுக்கு மட்டும் உரியதல்ல. வெளி இரைச்சலைத் தடுப்பதும் அதுதான். அமெரிக்காவில் மீட் கிலியன் 1983-ல் தொடங்கிய எட்டிமோட்டிக் நிறுவனம் 1991-ல் ஈஆர்-4 என்ற இயர்போனைக் கொண்டுவந்தது. காது கேட்கும் கருவிகளின் துறையிலிருந்து வந்தவர் கிலியன். மூன்றடுக்கு ரப்பரைக் காதுக்குழாயின் ஆழம் வரை செருகும் வடிவம் அது. பேட்டரியோ மின்னணுச் சுற்றோ இல்லாமல் வெறும் ரப்பரே வெளிச்சத்தத்தை வெகுவாகக் குறைத்துவிடும். அந்த வழியில் வந்த இயர்போன்கள் இன்றும் கிடைக்கின்றன. பேருந்திலும் ரயிலிலும் கேட்பவர்களுக்கு அவற்றை மனமாரப் பரிந்துரைப்பேன். அவ்வளவு ஆழமாக எதையும் காதுக்குள் விட ஒப்பாதவர்கள் தயங்காமல் விலக்கிவிடலாம். இந்த விஷயத்தில் பழகிவிடும் என்ற சமாதானம் எல்லோருக்கும் பொருந்தாது.

சொகுசு

கடையில் ஐந்து நிமிடம் மாட்டினால் எல்லா இயர்போனும் இதமாகத்தான் இருக்கும். உண்மை தெரிய ஒரு முழு சினிமா நேரம் வேண்டும். வாங்கிய பிறகு குறைந்தது இரண்டு மணி நேரமாவது கழற்றாமல் போட்டுப் பாருங்கள். அதையும் ஒரே நாளோடு நிறுத்தாமல் வேறு வேறு நாட்களில் செய்யுங்கள். வலி எங்கே வருகிறது என்பதைக் கவனித்தால் காரணம் பிடிபடும்.

குழாய்க்குள்ளே சுற்றிலும் ஒரே சீராக அழுத்தம் தெரிந்தால் ரப்பர் பெரிது, அல்லது நாசில் தடிமன். ரப்பரை மாற்றினால் சரியாகலாம். நாசிலே தடிமனாக இருந்தால் எதை மாற்றியும் பயனில்லை. ரப்பரையும் சேர்த்து அது குழாயை விரித்துக்கொண்டே இருக்கும். நாசில் 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், சிறிய காது உள்ளவர்கள் வாங்கும் முன்பே யோசிக்க வேண்டும். மடலின் உட்குழியில் ஒரு குறிப்பிட்ட புள்ளி மட்டும் வலித்தால், கூட்டின் விளிம்போ முனையோ அங்கே அழுத்துகிறது. பல டிரைவர்களை, அதாவது ஒலியெழுப்பும் உறுப்புகளை, அடைக்கும் பெரிய கூடுகளில் இது அதிகம். படங்களில் அழகாகத் தெரியும் உலோகக் கூடுகளின் கூரான மடிப்புகள் காதில் இருக்கும்போது அழகைக் காட்டுவதில்லை. அந்தப் புள்ளியில் தோல் சிவந்திருந்தால் தாராளமாகத் திருப்பி அனுப்பிவிடுங்கள். மடலின் குருத்தெலும்பு இயர்போனுக்கு ஏற்ப வளையப்போவதில்லை.

மூன்றாவது இடம் காதின் மேற்புறம். இந்த விலையில் வருபவற்றில் பெரும்பாலானவை கேபிளைக் காதுக்கு மேலாகச் சுற்றி அணியும் வகை. மேடையில் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் அணியும் மானிட்டர்களிலிருந்து வந்த பழக்கம் இது. கேபிளை இழுத்தாலும் இயர்போன் எளிதில் கழன்று வராது. சட்டையில் உரசும் சத்தமும் காதுக்கு வந்து சேர்வது குறையும். கண்ணாடி அணிபவர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. கண்ணாடிக் காம்பும் கேபிள் வளைவும் ஒரே இடத்தில் உட்காரும். வளைவு கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தால் ஒரு மணி நேரத்தில் மடலின் மேல் ஓரம் எரியத் தொடங்கும். மென்மையான கேபிளாக இருந்தால் கண்ணாடியை முதலில் போட்டு, கேபிளை அதற்கு வெளியே சுற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கடைக்குப் போகும்போது கண்ணாடியோடு போய்ச் சோதியுங்கள்.

செருகும்போது காதுக்குள் சரசரவென்று ஒரு சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். உள்ளே அகப்பட்ட காற்று சவ்வை அழுத்தி மடக்கும் சத்தம் அது. மெதுவாகச் செருகினால் குறையும். ஆனால் செருகிய பிறகும் காது அடைத்தாற்போலவே இருந்தால், கூட்டில் காற்றுப் போக்கி போதவில்லை என்று பொருள். இந்த அழுத்தம் சிலருக்குத் தலைவலியாக முடியும். நீண்ட நேரம் கேட்பவர்கள் இதை அசட்டை செய்யக் கூடாது.

மாட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். குதிகால் தரையில் படும் ஒவ்வொரு முறையும் தலைக்குள் தொம் தொம் என்று கேட்கும். மெல்லும் சத்தமும் விழுங்கும் சத்தமும் பெரிதாகும். எலும்பு வழியாகக் காதுக்குழாய்க்குள் வரும் ஒலி, குழாயின் வாய் அடைபட்டதால் வெளியேற வழியின்றி உள்ளேயே நிற்பதால் வருவது இது. நல்ல அடைப்புக்கு நாம் கொடுக்கும் விலை என்றே சொல்லலாம். உட்கார்ந்து கேட்பவருக்கு இது பொருட்டே இல்லை. காலை நடையின்போதுதான் கேட்பேன் என்பவருக்கு இந்த வகையே பொருந்தாது என்பது என் எண்ணம். தெருவில் வண்டிச் சத்தம் கேட்காமல் நடப்பதும் கூடாது என்பதை நினைத்தால், அவர்கள் காதை அடைக்காத வகையைத் தேடுவதே மேல்.

படுத்துக்கொண்டு கேட்பவர்கள் ஒருக்களித்துப் படுத்துச் சோதிக்க வேண்டும். மடலின் மட்டத்துக்கு வெளியே துருத்தும் எந்தக் கூடும் தலையணையில் பட்டு உள்ளே குத்தும். ஃபைனல் ஈ3000 போன்ற சின்ன உருளை வடிவங்கள் இதில் கொஞ்சம் தேவலை.

ஒலி

பொருத்தமும் சொகுசும் தேறியவற்றை மட்டும் ஒலிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு இயர்போன்களை ஒப்பிடுவதானால் முதல் வேலை வால்யூமைச் சமன் செய்வது. இது சடங்கு அல்ல. சத்தம் கூடக்கூட நம் காதுக்கு பாஸ் கூடுதலாகக் கேட்கும் என்பதை பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஒன்று சற்றே உரக்க ஒலித்தால் போதும், அது செழுமையாகவும் தெளிவாகவும் இருப்பதாக மனம் முடிவு செய்துவிடும். ஒரே போனில், ஒரே வால்யூம் எண்ணில் வைப்பது சமன் ஆகாது, ஏனென்றால் ஒவ்வொரு இயர்போனும் ஒவ்வொரு அளவு சத்தம் தரும். செய்தி வாசிப்பு ஒன்றை ஓடவிட்டு, இரண்டிலும் வாசிப்பவரின் குரல் ஒரே உரப்பில் கேட்கும்வரை வால்யூமைத் திருத்துங்கள். பாட்டைவிடப் பேச்சுக் குரலில் சமன் பார்ப்பது எளிது.

அடுத்து, நடுவைப் பாருங்கள். ஸ்டீரியோ வருவதற்கு முந்தைய பழைய ஒலிப்பதிவு எதுவானாலும் இதற்கு உதவும். 1944-ல் வந்த "ஹரிதாஸ்" படத்துப் பாகவதர் பாடல்கள் நல்ல தேர்வு. இடது வலது இரண்டிலும் ஒரே ஒலி வருவதால், குரல் தலையின் நட்ட நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் உடனே இயர்போனைக் குறை சொல்லாதீர்கள். முதலில் சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தை எடுத்து மறுபடி செருகுங்கள், அங்கே அடைப்பு குறைந்திருக்கலாம். போனின் அணுகல்தன்மை அமைப்புகளில் இடது வலது சமநிலைக்கான நகர்த்தி ஒன்று இருக்கும், அது நடுவில் இருக்கிறதா பாருங்கள். கேபிள் கழற்றக்கூடியதாக இருந்தால் இடது முனையை வலது இயர்போனிலும் வலது முனையை இடதிலும் மாட்டுங்கள். சாய்வு பக்கம் மாறினால் கோளாறு கேபிளிலோ போனிலோ இருக்கிறது. மாறவில்லையென்றால் இயர்போனில், அல்லது உங்கள் காதில். உருளை வடிவ இயர்போனாக இருந்தால் வலதை இடது காதில் போட்டு அதையும் பிரித்தறிந்துவிடலாம். பொருளிலேயே சாய்வு இருந்தால் அது உற்பத்திக் குறை. புதிதாக வாங்கியதில் அதைப் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை.

பாஸுக்கு மிருதங்கத்தைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரியவில்லை. பலர் எலக்ட்ரானிக் பாட்டுகளைப் போட்டுப் பார்க்கிறார்கள். அதில் பாஸ் இருக்கிறதா என்பது தெரியும், சரியாக இருக்கிறதா என்பது தெரியாது. ஒரு கச்சேரியில் மிருதங்கம் எப்படிக் கேட்கும் என்பதை நாம் நேரில் அறிவோம். தொப்பியின் "தொம்" விழுந்ததும் உருண்டு எழுந்து அடங்க வேண்டும். அடங்காமல் அடுத்த அடி வரை நீண்டு பாடகரின் குரல் மேல் கவிந்தால் பாஸ் மிகை. குறிப்பாக ஆண் குரலைக் கேளுங்கள். நெஞ்சுக் குரல் தடித்து, சொற்கள் மந்தமானால் பாஸின் மேல் பகுதி நடு ஒலிகளுக்குள் வழிகிறது. சினிமாப் பாட்டில் பார்க்க வேண்டுமானால், 1980-ல் வந்த "மூடுபனி"யில் யேசுதாஸ் கிட்டாரோடு பாடும் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இளையராஜாவின் பேஸ் கிட்டார் தாளத்துக்குத் துணையாக மட்டும் நிற்காமல், தனக்கென ஒரு மெட்டோடு நடந்துகொண்டே இருக்கும். அந்த நடையின் ஒவ்வொரு ஸ்வரத்தையும் நீங்கள் முணுமுணுக்க முடிந்தால் பாஸ் நன்றாக இருக்கிறது. எல்லாம் ஒரே "தும் தும்" ஆகக் கேட்டால், அளவு இருந்தாலும் தெளிவு இல்லை.

நடு ஒலிகளில் ஆபத்தான பகுதி 3 கிலோஹெர்ட்ஸை ஒட்டியது. திறந்த காது இந்தப் பகுதியைத் தானாகவே 10 டெசிபலுக்கு மேல் உயர்த்திச் செவிப்பறைக்குக் கொடுக்கும். குழாயை அடைத்ததும் அந்த உயர்வு போய்விடுவதால், இயர்போனே அதை ஈடு செய்ய வேண்டியிருக்கிறது. ஈடு குறைந்தால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதாகத் தோன்றும். கூடினால் கத்தும். 1962-ல் வந்த "கொஞ்சும் சலங்கை"யில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தோடு எஸ். ஜானகி பாடியதைப் போடுங்கள். மேல் ஸ்தாயியில் இருவரும் பதிலுக்குப் பதில் போகும் இடத்தில் உங்கள் கை தானாக வால்யூம் பொத்தானுக்குப் போகிறதா என்று கவனியுங்கள். போனால் அந்த இயர்போனோடு நாகஸ்வரம், வயலின், உச்சக் குரல் எதையும் நிம்மதியாகக் கேட்க முடியாது. என்னைப் பொறுத்தவரை இதுதான் இந்த விலையில் மிகுதியாகக் காணப்படும் குறை. தெளிவாக இருப்பதாக முதல் நாள் ஏமாற்றி, மூன்றாம் நாள் களைப்பூட்டுவதும் இதுவே.

ட்ரெபிளுக்கு இரண்டு சோதனைகள் போதும். ஒன்று "ஸ", "ஷ", "ச" மிகுந்த பாட்டு. வடமொழிச் சுலோகங்கள் இதற்கு மிகப் பொருத்தம். ஒவ்வொரு "ஸ"வும் குரலிலிருந்து பிரிந்து காதைக் கீறினால், 5-லிருந்து 9 கிலோஹெர்ட்ஸுக்குள் எங்கோ ஒரு முகடு இருக்கிறது. மற்றொன்று தம்புரா. நான்கு தந்திகளின் அடி ஒலிக்கு மேலே, தந்திக்கு அடியில் செருகும் ஜீவா நூலால் பிறக்கும் மேல் ஒலிகள் எழுந்து மின்னி ஒன்றுக்குள் ஒன்று கலந்து அடங்கும். ட்ரெபிள் போதாத இயர்போனில் அந்த மினுக்கம் மறைந்து வெறும் ரீங்காரம் மிஞ்சும். மிகையான ட்ரெபிளில் தந்தியின் கம்பி ஓசை மட்டும் முன்னால் வந்து நிற்கும். தம்புராவை மட்டும் தனியாக ஐந்து நிமிடம் கேளுங்கள். காது பழகியதும், முதலில் கேட்காத அடுக்குகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். அவை திறக்கிற இயர்போனை விட்டுவிடாதீர்கள்.

வாத்தியங்கள் பிரிந்து கேட்கின்றனவா என்பதற்கு இளையராஜாவின் 1986 ஆல்பமான "ஹவ் டு நேம் இட்" போதுமானது. பல வயலின்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு இழைகளில் ஓடும் இடத்தில் ஒரே ஒரு இழையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போக முடிகிறதா என்று பாருங்கள். இதற்கும் டிரைவர்களின் எண்ணிக்கைக்கும் சம்பந்தமில்லை. ஈஆர்-4-ல் இருந்தது காதுக்கு ஒரே ஒரு டிரைவர். பெட்டியின் மேல் எட்டு, பத்து என்று போட்டிருக்கும் எண்ணைத் தரத்தின் அளவுகோலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பல நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஒலி பழுத்துவிடும் என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. அதை நம்பித் திருப்பி அனுப்பும் கெடுவைத் தவறவிடாதீர்கள். நாள் போகப்போக மாறுவது பெரும்பாலும் நம் காதின் பழக்கமும் ரப்பர் உட்காரும் விதமும்தான்.

வரைபடங்களை எவ்வளவு நம்பலாம்

வாங்கும் முன் அளவீட்டு வரைபடத்தைப் பார்ப்பது நல்ல பழக்கம். ஷான் ஓலிவும் டாட் வெல்டியும் ஹார்மன் நிறுவனத்தில் பலரைக் கேட்கவைத்து உருவாக்கிய இலக்குக் கோட்டோடு ஒப்பிட்டு வரைபடங்கள் வரும். பெரும்பாலோருக்குப் பிடித்த ஒலி எது என்பதை அந்தக் கோடு சொல்கிறது. அதைவிட பாஸ் கூடுதலாக வேண்டுபவர்களும் குறைவாக வேண்டுபவர்களும் இருப்பதை அந்த ஆய்வுகளே காட்டின. கர்நாடக சங்கீதமும் பேச்சும் அதிகம் கேட்பவர்களுக்கு அந்த பாஸ் சற்று மிகை என்று எனக்குப் படுகிறது.

வரைபடத்தில் 20 ஹெர்ட்ஸிலிருந்து 5 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியை ஓரளவு நம்பிப் படிக்கலாம். 8 கிலோஹெர்ட்ஸ் அருகே தெரியும் முகடு பல நேரம் அளக்கும் கருவியின் குழாயில் ஒலி எதிரொலித்து உண்டாவது. இயர்போனை எவ்வளவு ஆழம் செருகினார்கள் என்பதைப் பொறுத்து அது இடம் மாறும். உங்கள் காதில் அது வேறு இடத்தில் விழும். அதனால்தான் "ஸ" சோதனையை வேறு யாரும் உங்களுக்காகச் செய்துதர முடியாது.

போனும் கேபிளும்

ஐபோன் 7-ல் 2016-ல் 3.5 மில்லிமீட்டர் துளை எடுக்கப்பட்டது. பிறகு பல போன்களிலும் அது போய்விட்டது. உங்கள் போனில் இல்லையென்றால், சார்ஜ் துளையில் செருகி இயர்போனை மாட்டிக்கொள்ளும் டாங்கிளின் விலையையும் கணக்கில் சேருங்கள். சின்ன டாங்கிளே இந்த வகை இயர்போன்களுக்குப் போதும், தனி ஆம்ப்ளிஃபயர் தேவையில்லை. ஆப்பிளின் டாங்கிள் சில ஆண்ட்ராய்டு போன்களில் முழு வால்யூம் தருவதில்லை, அதைச் சோதித்து வாங்குங்கள். பல டிரைவர்கள் உள்ள இயர்போனை, வெளியீட்டு மின்தடை அதிகமுள்ள பழைய லேப்டாப் துளையில் மாட்டினால் அதன் ஒலிச் சமநிலையே மாறிவிடும். பாட்டு ஓடாதபோது மெல்லிய "ஸ்ஸ்" கேட்கிறதா என்றும் பாருங்கள். உணர்திறன் மிகுந்த இயர்போன்களில் அது தலைகாட்டும்.

கேபிளை விரலால் தட்டினால் காதில் எவ்வளவு கேட்கிறது என்று பாருங்கள். முகவாய்க்குக் கீழே இழுத்து இறுக்கும் சிறு வளையம் இருந்தால் உரசல் சத்தம் குறையும். கழற்றும் இணைப்புகளில் 0.78 மில்லிமீட்டர் இரட்டை ஊசி, சுழலும் எம்எம்சிஎக்ஸ் என்று இரண்டு வகை பரவலாக உண்டு. எந்த வகையானாலும் அடிக்கடி கழற்றி மாட்டாதீர்கள். கேபிள் போனால் மாற்றிக்கொள்வதற்கான வசதி அது. நிறுவனத்துக்கே உரிய விசேஷ இணைப்பாக இருந்தால் மாற்றுக் கேபிள் கிடைக்குமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வால்யூமும் திருப்பி அனுப்புவதும்

பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் தரும் பாதுகாப்பு எல்லை. சத்தம் 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். அடைப்பு சரியாக இல்லாத இயர்போனில் பேருந்து இரைச்சலை வெல்ல நாம் வால்யூமைத்தான் ஏற்றுவோம். சரியான ரப்பர் காதின் ஆயுளையும் காக்கிறது என்று சொல்வது இதனால்தான். கழற்றிய பின் காதில் ரீங்காரம் கேட்டால் அன்று கேட்டது அதிகம். காதில் சீழோ அரிப்போ இருக்கும்போது எதையும் செருக வேண்டாம், இன்னொருவர் காதில் போட்டதைத் துடைக்காமல் போடவும் வேண்டாம். கடையில் சோதிக்கப் போகும்போது உங்கள் அளவு ரப்பரைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

காதுக்குள் செருகும் பொருள் என்பதால், பெட்டியைப் பிரித்த பிறகு திருப்பி எடுக்க மாட்டோம் என்று சொல்லும் கடைகள் பல உண்டு. பணம் கட்டும் முன் அந்த விதியை எழுத்தில் படித்துவிடுங்கள். திருப்பி எடுக்கும் கடையாக இருந்தால், கூட வந்த ரப்பர்களில் பயன்படுத்தாதவற்றை உறையிலேயே வைத்திருங்கள், பெட்டியைக் கசக்காதீர்கள், பில்லைப் படமெடுத்து வையுங்கள். பொருத்தச் சோதனையை வாங்கிய அன்றே முடியுங்கள், இரண்டு மணி நேரச் சோதனையை அந்த வாரத்துக்குள். பின்னாளில் ஒரு பக்கம் சத்தம் குறைந்தால், சர்வீசுக்கு அனுப்பும் முன் நாசில் முனையில் உள்ள வலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பெரும்பாலும் காதுக் குறும்பி அடைத்திருக்கும். வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, காய்ந்த மென்மையான பிரஷால் துடைத்தால் உதிர்ந்துவிடும். ஊசியால் குத்த வேண்டாம், வலை கிழிந்து அழுக்கு டிரைவருக்குள் போய்விடும்.